ரைசன் 7 9800எக்ஸ்3டி: இப்போதே வாங்கலாமா, ஜென் 6 வரும்வரை பொறுக்கலாமா?

ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி நல்ல ப்ராசஸரா என்று கேட்டால், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. 2024 நவம்பரில் 479 டாலருக்கு வந்த நாளிலிருந்து கேமிங்கில் மற்ற எல்லாவற்றையும் இதனோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள். யோசிக்க வேண்டியது வேறு. உங்கள் மானிட்டருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் இது தேவைதானா? தேவை என்றால் இன்றே வாங்குவதா, அடுத்த தலைமுறை சிப்களான ஏஎம்டியின் ஜென் 6-ம் இன்டெலின் நோவா லேக்கும் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? ஏஎம்5 சாக்கெட்டில் (இந்த ப்ராசஸர்கள் போர்டில் உட்காரும் இடம்) புதிதாக பிசி கட்டுகிறவர் ப்ராசஸருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் முடிவு. ஆனால் எல்லோரும் 9800எக்ஸ்3டி வாங்கவும் தேவையில்லை.

எட்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் கணக்கீட்டுப் பகுதிகள்), பதினாறு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்), அடிப்படை வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் (தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகம்) 5.2. இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பாதி விலையில் கிடைக்கும் சிப்களும் இதன் பக்கத்தில் நிற்கும். விலைக்குக் காரணம் எல்3 கேச், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம். ரைசன் 5 9600எக்ஸில் அது 32 எம்பி, இதில் 96 எம்பி (பெயரில் உள்ள எக்ஸ்3டி இந்தக் கூடுதல் கேச்சைத்தான் குறிக்கிறது). ஒரு கேம் ஓடும்போது எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, எது எதன்மேல் மோதுகிறது, அடுத்த ஃப்ரேமில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்று சின்னச் சின்னத் தரவுகளை ஒழுங்கில்லாத வரிசையில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டது எல்3-ல் இருந்தால் பத்து நானோ நொடி அளவில் வந்துவிடும். இல்லாவிட்டால் ரேம் வரை போக வேண்டும், எழுபது நானோ நொடி அளவுக்கு ஆகும், அதுவரை கோருக்கு வேலை இல்லை. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, ஆள் நடமாட்டம் நிறைந்த ஆன்லைன் ரோல்பிளே கேம்கள் போன்றவற்றில் இந்த சிப் மற்றவற்றைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) மட்டும் உயர்வதில்லை, திடீரென்று விக்கும் இடங்கள் குறைகின்றன. கையில் உணர்வது இந்த இரண்டாவதைத்தான்.

இதற்கு முந்தைய 7800எக்ஸ்3டியில் கூடுதல் கேச் சில்லு கோர்களின் தலைக்கு மேல் இருந்தது. கோர்களின் சூடு அதைத் தாண்டித்தான் கூலருக்கு வர வேண்டும். ஆகவே வேகத்தையும் வோல்டேஜையும் அடக்கி வைத்தார்கள், ஓவர்க்ளாக்கிங்கும் (வேகத்தை நாமே கூட்டுவது) பூட்டப்பட்டிருந்தது. 9800எக்ஸ்3டியில் கேச் சில்லு கோர்களுக்குக் கீழே போய்விட்டது. கோர்கள் மேலே, கூலரின் பக்கம். அதனால்தான் வேகம் ஏறியது, பூட்டும் திறந்தது. காகிதத்தில் சின்ன மாற்றம்தான், ஆனால் இந்தத் தலைமுறையின் நல்ல வேலை அத்தனையும் இங்கேதான் நடந்திருக்கிறது.

இதோடு 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 9850எக்ஸ்3டியும் இருக்கிறது. அதே எட்டு கோர், அதே 96 எம்பி, பூஸ்ட் மட்டும் 5.6 கிகாஹெர்ட்ஸ், அறிமுக விலை 499 டாலர். கேமில் ஒரு சில சதவீதம் கூடும். கடையில் இரண்டுக்கும் ஆயிரம் இரண்டாயிரம்தான் வித்தியாசம் என்றால் எடுங்கள், அதற்கு மேல் கேட்டால் வேண்டாம். பதினாறு கோர் 9950எக்ஸ்3டி கேமுக்கு மட்டும் என்றால் வீண் செலவு. அதில் இரண்டு கோர் தொகுதிகள் இருந்தாலும் ஒன்றில் மட்டுமே பெரிய கேச் இருக்கிறது. கேமை அந்தத் தொகுதியிலேயே ஓட வைக்க ஏஎம்டியின் சிப்செட் டிரைவரும் விண்டோஸ் கேம் பாரும் சேர்ந்து மற்றத் தொகுதியைத் தூங்க வைக்க வேண்டும். இதில் ஒன்று சரியாக அமையாவிட்டாலும் எட்டு கோர் சிப்பைவிடக் குறைவான எஃப்பிஎஸ் கிடைக்கும். வீடியோ எடிட்டிங்கும் செய்கிறவர்கள், பெரிய கோடை கம்பைல் செய்கிறவர்கள் வாங்க வேண்டிய சிப் அது.

உங்களுக்கு இது தேவையா?

ரிவ்யூ வரைபடங்களில் 9800எக்ஸ்3டி மற்றவற்றைவிட முப்பது சதவீதம் வரைகூட முன்னே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 1080பி என்ற குறைந்த ரெசல்யூஷனில், ஆர்டிஎக்ஸ் 5090 மாதிரி உச்ச கார்டோடு செய்யப்பட்டவை. ப்ராசஸரின் திறனைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அதுதான் சரியான வழி, அதில் பிழை இல்லை. ஆனால் உங்களிடம் ஆர்டிஎக்ஸ் 5070-ம் 1440பி மானிட்டரும் இருந்தால், பல கேம்களில் கார்டு 99 சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்கும்போது ப்ராசஸர் ஓய்வாக இருக்கும். அங்கே 9600எக்ஸுக்கும் 9800எக்ஸ்3டிக்கும் வித்தியாசத்தைத் தேட வேண்டியிருக்கும்.

ஊகிக்க வேண்டாம், இப்போது இருக்கும் பிசியிலேயே சோதித்துப் பார்க்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற நிரலைப் போட்டு ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாட்டைத் திரையில் காட்ட வையுங்கள். நீங்கள் வழக்கமாக ஆடும் கேமில், கூட்டம் நிறைந்த இடத்தில் நின்று பாருங்கள். 97, 98 சதவீதம் என்றால் தடை கார்டில். 60, 70 என்று தொங்கினால் தடை ப்ராசஸரில். சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். எஃப்பிஎஸ் ஏறாமல் அப்படியே நின்றால் குற்றவாளி ப்ராசஸர்தான். ப்ராசஸரின் மொத்தப் பயன்பாடு 30 சதவீதம்தான் காட்டுகிறது என்று நிம்மதி அடையக் கூடாது. கேமின் முக்கிய த்ரெட் ஒற்றைக் கோரில் முட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் அது சின்ன எண்ணாகவே தெரியும்.

4கே மானிட்டர்காரர்கள் இதில் வழக்கமாக ஏமாறுகிறார்கள். '4கேயில் எந்த ப்ராசஸரும் ஒன்றுதான்' என்பது அப்ஸ்கேலிங் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) இல்லாமல் ஆடினால்தான் பொருந்தும். என்விடியாவின் அப்ஸ்கேலிங்கான டிஎல்எஸ்எஸ்ஸை பெர்ஃபார்மன்ஸில் போட்டால் கார்டு உண்மையில் வரைவது 1080பி, குவாலிட்டி போட்டால் 1440பி. அப்படியானால் ப்ராசஸரின் வேலையும் அந்த ரெசல்யூஷனில் வரும் எஃப்பிஎஸுக்கு ஏற்றபடி கூடிவிடும். 4கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அப்ஸ்கேலிங்கோடு ஆடுகிறவருக்கு எக்ஸ்3டி வீண் இல்லை.

பட்ஜெட்டுக்கு நான் வைக்கும் கணக்கு இது: ப்ராசஸரின் விலை கிராபிக்ஸ் கார்டின் விலையை எட்டினால் திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, அதற்கு மேல் என்றால் 9800எக்ஸ்3டி பொருந்தும். 5060 டிஐ 16 ஜிபி அளவில் நிற்கிறவர்கள் 9600எக்ஸ், 7600, கிடைத்தால் 7500எஃப் எடுத்து மிச்சத்தைக் கார்டிலோ ரேமிலோ போடுங்கள். நாளெல்லாம் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர்காரருக்கும் சிமுலேட்டர் பிரியருக்கும் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கார்டைக் குறைத்தாவது ப்ராசஸரை ஏற்றலாம்.

அடுத்தது என்ன வருகிறது

இன்டெல் நோவா லேக்கை 2026 கடைசிக்கு என்று சொல்லியிருக்கிறது. அது புதிய சாக்கெட்டில் வருகிறது. ஆகவே கோர் அல்ட்ரா 200 வரிசைக்காக 2024 அக்டோபரில் வந்த எல்ஜிஏ 1851 போர்டுகளுக்கு அதோடு கதை முடிகிறது. பெரிய கேச் வைத்த நோவா லேக் வகை ஒன்று வரும் என்ற செய்திகள் சுற்றுகின்றன. உண்மையானால் எக்ஸ்3டிக்கு முதல் நேரடிப் போட்டி அதுதான், எனக்கும் அதில் ஆவல் உண்டு. ஆனால் புதிய சாக்கெட்டின் முதல் போர்டுகளும் முதல் பயாஸும் (போர்டின் அடிப்படை நிரல்) நிலைப்பட மாதங்கள் ஆகும். இன்று கோர் அல்ட்ரா 7 265கே மலிவாகக் கிடைத்தால் அது வேலைக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரு நல்ல பேரம், இருபது கோர் இருக்கிறது. கேமுக்கு மட்டும் என்றால், பிறகு மாற்ற வழியில்லாத போர்டோடு முடிந்துவிடுவீர்கள்.

பழைய 13, 14-ம் தலைமுறை இன்டெல் சிப்களை இரண்டாம் கையாக வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிக வோல்டேஜால் சிப் மெல்ல மெல்லத் தேயும் கோளாறை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் மைக்ரோகோட் (சிப்பின் உள்நிரல்) திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் இனிமேல் தேய்வதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. பழைய பயாஸிலேயே இரண்டு வருடம் ஓடிய ஐ9-ஐ யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஏஎம்டி பக்கம் நிலைமை வேறு. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக நிறுவனமே அறிவித்திருக்கிறது. ஜென் 6 டெஸ்க்டாப் சிப்களும் இதே சாக்கெட்டுக்குத்தான் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஒரு தொகுதியில் பன்னிரண்டு கோர் இருக்கும் என்றும் பேசிக்கொள்கிறார்கள். அந்த எண்ணை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். சாக்கெட் வாக்குறுதியை மட்டும் நம்பலாம், ஏனென்றால் அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2017-ல் ஏஎம்4 சாக்கெட்டில் பி350 போர்டு வாங்கியவர் 2022-ல் வந்த 5800எக்ஸ்3டியை அதே போர்டில் பயாஸ் மட்டும் மாற்றிப் பொருத்த முடிந்தது.

இதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். இன்று நல்ல பி650 அல்லது பி850 போர்டில் 9600எக்ஸ் போட்டு ஆடுங்கள். ஜென் 6 எக்ஸ்3டி வந்து, விலை இறங்கி, பயாஸ் முதிர்ந்த பிறகு சிப்பை மட்டும் மாற்றலாம். 9800எக்ஸ்3டி வாங்குகிறவருக்கு அந்த மாற்றமே நெடுநாள் தேவைப்படாது.

ரேம்தான் இப்போது தலைவலி

ப்ராசஸர் விலை இறங்கட்டும் என்று காத்திருந்தவர்களை 2025 கடைசியில் ரேம் அடித்துவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவை மெமரி உற்பத்தியை இழுத்துக்கொள்ள, டிடிஆர்5 (இன்றைய வகை ரேம்) விலை மளமளவென்று ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. ஏஎம்5-ல் பழைய டிடிஆர்4 போட வழி இல்லை. எனவே பிசி திட்டத்தில் இப்போது முதலில் விலை கேட்க வேண்டிய பாகம் ரேம்.

வழக்கமான பரிந்துரை 16 ஜிபி இரண்டு, டிடிஆர்5-6000 (எண் ரேமின் வேகம்), சிஎல்30 (தாமத அளவு, குறைந்தால் நல்லது), எக்ஸ்போ (அந்த வேகத்தை பயாஸில் ஒரே அமைப்பில் போடும் வசதி) ஆதரவு. ரைசனின் மெமரி கன்ட்ரோலர் ரேமோடு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சிக்கலில்லாமல் ஓடும் உச்சம் ஏறக்குறைய அந்த 6000தான். ஆனால் எக்ஸ்3டி வாங்குகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. பெரிய கேச் இருப்பதால் ரேமுக்குப் போகும் வேலையே குறைவு, அதனால் ரேமின் வேகமும் அவ்வளவாக உறைக்காது. 6000 சிஎல்36, ஏன் 5600 கிட் மலிவாகக் கிடைத்தாலும் தைரியமாக எடுக்கலாம், இழப்பு சொற்பம். 9600எக்ஸுக்கு அப்படி இல்லை, அங்கே சிஎல்30-க்குக் கொடுக்கும் காசுக்குப் பலன் தெரியும்.

காசு போதவில்லை என்று 8 ஜிபி இரண்டு வாங்காதீர்கள். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகளில் சில்லுகள் குறைவு, உள்ளே ஒரே நேரத்தில் வேலை செய்யும் பிரிவுகளான பேங்க் குரூப்களும் பாதிதான், வேகமே மட்டுப்படும். கையைக் கடித்தால் ஒரே ஒரு 16 ஜிபி போட்டுத் தொடங்கி, அதே பார்ட் நம்பரில் இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம். ஆனால் தனித்தனியாக வாங்கிய இரண்டு ஸ்டிக் எக்ஸ்போ வேகத்தில் சேர்ந்து ஓடும் என்று உத்தரவாதம் இல்லை, 5200-க்கு இறக்க நேரலாம். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ரைசன் 9000-க்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5600, நான்குக்கு வெறும் 3600.

போர்டு, கூலர், எஸ்எம்பிஎஸ்

போர்டில் நான் முதலில் தேடுவது பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன். ப்ராசஸர் இல்லாமலே, பென் டிரைவ் வைத்து பயாஸ் ஏற்ற முடிய வேண்டும். கடையில் நாள்பட்டுக் கிடந்த பி650 போர்டு ரைசன் 9000-ஐ அடையாளமே காணாமல் கறுப்புத் திரை காட்டும்போது இது ஒன்றுதான் காப்பாற்றும். ஏ620 போர்டுகளை எக்ஸ்3டியோடு சேர்க்க வேண்டாம், பலவற்றில் மின்சாரப் பகுதி ஒல்லியானது, பிபிஓ (ஏஎம்டியின் வேகம் கூட்டும் அமைப்பு) வசதியும் இல்லை. எக்ஸ்870 போர்டுகளில் யுஎஸ்பி4 கட்டாயம் என்பதால் பிசிஐஇ லேன்கள் (ப்ராசஸரிலிருந்து பாகங்களுக்குப் போகும் தரவுப் பாதைகள்) அதற்குப் போய்விடுகின்றன. பல மாடல்களில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் ஸ்லாட் பதினாறு லேனிலிருந்து எட்டாகக் குறையும். மேனுவலில் இது ஒரு வரியில் எழுதியிருக்கும், வாங்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். யுஎஸ்பி4 வேண்டாதவருக்குத் தரமான பி850 போதும்.

9800எக்ஸ்3டி பெட்டியில் கூலர் வராது. 120 வாட் சிப், அதிகபட்சமாக 162 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு, கேமில் பெரும்பாலும் நூறு வாட்டுக்கு உள்ளேயே நிற்கும். இரட்டைக் கோபுர ஏர் கூலர் தாராளமாகத் தாங்கும். தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ மாதிரி ஒன்று போதும், 360 மிமீ வாட்டர் கூலர் அழகுக்காக என்றால் உங்கள் விருப்பம். 155 மிமீ உயரக் கூலர் உங்கள் கேபினெட்டில் நுழையுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிவ்யூக்களில் வரும் சூட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் சோதிப்பது 21 முதல் 25 டிகிரி அறையில். மே மாதச் சென்னையில் ஏசி போடாத அறை 36 டிகிரி. அறைச் சூடு எவ்வளவு கூடுகிறதோ, சிப்பின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். அங்கே 66 என்றால் இங்கே 78, 80. இந்த சிப்புக்கு 95 வரை அனுமதி உண்டு என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினெட் வாங்கினால் கிராபிக்ஸ் கார்டு கக்கும் 300 வாட் சூடு உள்ளேயே சுழலும். நம் ஊருக்கு வலை முகப்பு வைத்த கேபினெட்தான் சரி. வலையில் சேரும் தூசியை மாதம் ஒரு முறை தட்டுங்கள்.

எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கணக்கு எளிது. 5070 டிஐ 300 வாட், ப்ராசஸர் நூறு, மற்றவை எல்லாம் சேர்த்து எழுபது எண்பது. ஐந்நூறுக்கு உள்ளேதான் வருகிறது. நொடிக்குக் குறைவான நேரத்தில் கார்டு திடீரென்று இழுக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து 750 வாட் கோல்டு எடுங்கள். 12வி-2எக்ஸ்6 கனெக்டர் (புதிய வகை மின் பிளக்) வைத்த கார்டு என்றால், அந்த கேபிளோடு வரும் ஏடிஎக்ஸ் 3.1 எஸ்எம்பிஎஸ் நல்லது. பிளக்கை இடைவெளியே தெரியாதபடி முழுக்க அழுத்துங்கள், முதல் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் கேபிளை மடக்காதீர்கள். அரைகுறையாக நுழைந்த பிளக் உருகிவிடலாம். எட்டு பின் கார்டுகளுக்கு ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலைகளைப் போடாமல் தனித்தனி கேபிள் இழுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. கனெக்டர் பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டி முதல் போர்டு வரை புகைந்துவிடும்.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ-வைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் 600 விஏ பெட்டி 360 வாட் அளவுதான் தாங்கும், கேம் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். குறைந்தது 1100 விஏ, 660 வாட் வேண்டும்.

பொருத்தும்போது

ஏஎம்5-ல் பின்கள் ப்ராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. மொத்தம் 1718, தலைமுடி போல மெலிந்தவை. போர்டைப் பிரித்ததும், கடையிலோ வீட்டிலோ, டார்ச் அடித்து சாக்கெட்டை இரண்டு மூன்று கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கேட்டுப் போனால் 'நீங்கள்தான் வளைத்தீர்கள்' என்ற பதில் வரும், அந்தப் போட்டோதான் சாட்சி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் ஜிஎஸ்டியோடு சீரியல் நம்பரும் இருக்கட்டும். பெட்டியில்லாத 'ட்ரே' ப்ராசஸர் ஒன்றிரண்டாயிரம் மலிவாகக் கிடைக்கும். ஏஎம்டியின் மூன்றாண்டு வாரண்டி பெட்டியோடு வரும் சிப்புக்கு. ட்ரே சிப்புக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு, அவர் எத்தனை நாள் பொறுப்பேற்பார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சாக்கெட் கம்பியை விடுவித்து, மூடியைத் தூக்கி, ப்ராசஸரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, மேலிருந்து நேராக வையுங்கள். அழுத்தவோ நகர்த்தவோ கூடாது. கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே பிடுங்க வேண்டாம், கம்பியை இறக்கும்போது அதுவே துள்ளி வெளியே வரும். கம்பி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது இயல்பு. தெர்மல் பேஸ்ட்டை நடுவில் ஒரு பெருக்கல் குறி போல இடுங்கள். இந்த சிப்பின் உலோக மூடியில் ஓரங்களில் வெட்டுகள் இருக்கின்றன, அளவுக்கு மீறினால் பேஸ்ட் அங்கே வழிந்து அடையும். சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, கெடுதல் இல்லை, பின்னால் துடைப்பதுதான் பாடு. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டீர்களா என்று ஒரு தரம் பாருங்கள்.

ரேம் ஸ்டிக்குகளை ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். முதல் தடவை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றும், போர்டில் 'டிராம்' என்ற இடத்தில் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. ஐந்து நிமிடம், சில சமயம் பத்து நிமிடம்கூட அப்படியே நிற்கும். இது மெமரி ட்ரெய்னிங், ரேமோடு சிக்னலைச் சரிபார்க்கும் வேலை. கெட்டுப்போனது என்று நினைத்து நடுவில் ஸ்விட்சை அணைத்தால் அது முதலிலிருந்து தொடங்கும். நம் ஊரில் 'போர்டு டெட்' என்று கடைக்குத் திரும்பும் ஏஎம்5 பிசிகளில் இந்தப் பொறுமையின்மை ஒரு முக்கியக் காரணம். பதினைந்து நிமிடம் தாண்டினால் மட்டும் ஒரு ஸ்டிக்கைக் கழற்றி முயலுங்கள்.

பயாஸுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அண்மைப் பயாஸை ஏற்றுவது, எக்ஸ்போவை ஆன் செய்வது அதற்குப் பிறகுதான். 2023-ல் 7800எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டிலேயே கருகிய பிறகு, ஏஎம்டி எஸ்ஓசி (சிப்பில் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதி) வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி கட்டியது. 9800எக்ஸ்3டிகள் சில போர்டுகளில் இறந்துபோன புகார்களும் 2025-ல் வந்தன, அதற்கும் பயாஸ் திருத்தங்கள் வெளியாயின. பெட்டியில் வந்த பயாஸோடு எக்ஸ்போ போட்டு ஓட்டுவது தேவையில்லாத துணிச்சல். எக்ஸ்போவுக்குப் பிறகு எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-க்குக் கீழே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், 1.2 அருகே இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு முறையும் பூட் ஆக ஒரு நிமிடம் எடுத்தால் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர்' என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். அதை ஆன் செய்த பின் நீலத் திரை வரத் தொடங்கினால் அணைத்துவிட்டு அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

கூடுதல் வேகம் வேண்டுமென்றால் ஓவர்க்ளாக் செய்வதைவிட பயாஸின் கர்வ் ஆப்டிமைசரில் (கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) எல்லா கோருக்கும் மைனஸ் 15 கொடுத்துப் பாருங்கள். சூடு குறையும், பூஸ்ட் சற்று நேரம் கூடுதலாக நிற்கும். அளவு மீறினால் கேமில் தெரியாது, சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்ளர் என்ற இலவச நிரலை ஓர் இரவு ஓட விட்டால் எந்தக் கோர் தாங்கவில்லை என்று காட்டிக்கொடுக்கும்.

புது பிசியில் எஃப்பிஎஸ் 20-ஐத் தாண்டவில்லை என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் எச்டிஎம்ஐ கேபிள்தான் இருக்கிறது. 9800எக்ஸ்3டிக்குள் ஒரு சின்ன கிராபிக்ஸும் உண்டு, ஆகவே கேபிளை மதர்போர்டில் செருகினாலும் படம் வரும். கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா பாருங்கள், விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, 11-ஐப் புதிதாகவே நிறுவுங்கள், பழைய எஸ்எஸ்டியை அப்படியே மாட்டி ஓட்ட வேண்டாம். வேலொரன்ட், பேட்டில்ஃபீல்ட் 6 போன்றவை செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களோடு மட்டும் பிசியைத் தொடங்கும் பாதுகாப்பு) கேட்கும். பயாஸில் அதையும் எஃப்டிபிஎம்மையும் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ஆன் செய்து, பழைய தொடக்க முறையான சிஎஸ்எம்மை அணைத்துவிட்டு, பிறகு விண்டோஸ் நிறுவினால் பின்னால் வேலை மிச்சம்.

இன்று 9600எக்ஸோடு தொடங்கி, ஜென் 6-க்கு மாறப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் குறித்து வையுங்கள். புது சிப்புக்கான பயாஸைப் பழைய சிப் சாக்கெட்டில் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். எஃப்டிபிஎம் சாவி ப்ராசஸருக்குள் இருப்பதால், சிப்பை மாற்றியதும் பிட்லாக்கர் (எஸ்எஸ்டியைப் பூட்டும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். விண்டோஸ் 11 பல பிசிகளில் பிட்லாக்கரைச் சொல்லாமலே ஆன் செய்து வைத்திருக்கிறது. சிப்பைக் கழற்றும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எஸ்எஸ்டியில் உள்ளது எதையும் திறக்க முடியாது.